இருவருக்கும் சேர்த்து ஒரு கழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் போய்ச் சேரும் இடம் மோசமானது. வலப்பக்கம் ஒரு வளைவு. கோலா தெர்லாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் அந்த வளைவுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வந்து நிற்கும். இடப்பக்கம் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களின் கார்கள், ரோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வரும். எங்கள் பழைய வேன் அந்த இடத்தில் நின்றதும் என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டி இடப்பக்கம் பார்ப்பார். நான் அவரைத் தாண்டி வலப்பக்கம் பார்ப்பேன். இரண்டு மூக்கும் இடித்துக்கொள்ளாததுதான் பாக்கி.

“லோரி வருது, இருங்க. ம்... இப்ப போலாம்.”

நான் சொன்ன பிறகுதான் வேன் நகரும். பல வருஷமாக இப்படித்தான். ஸ்டியரிங் பிடித்திருக்கிற மனுஷன் தன் பக்கத்து ரோட்டை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தால் சோறு ஆக்குவதோடு லோரியும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையிலும் நாங்கள் ஜோடிதான். தேயிலை அறுக்கும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நடுவில் வளைந்த பிளேடு, பின்னால் நீளமான துணிப்பை, இரண்டு முனையிலும் கைப்பிடி. தேயிலை நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று, மெஷினைச் செடிக்கு மேலே பிடித்தபடி சேர்ந்து நடக்க வேண்டும். வலது முனையில் என்ஜின். அது அவர் பக்கம். இடது முனை என் பக்கம். நான் வலப்பக்கம் திரும்பியபடி நடப்பேன், அவர் இடப்பக்கம் திரும்பியபடி நடப்பார். நிரையின் கடைசிக்குப் போய் மெஷினைத் திருப்பிக்கொண்டு வந்தாலும் அப்படியேதான். மேடு பள்ளம் மாறும், நாங்கள் திரும்பியிருக்கிற பக்கம் மட்டும் மாறாது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடி சேர்ந்த அன்றைக்கு யார் எந்தப் பக்கம் நின்றார்களோ, அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் அவர்களுடையது. என்ஜின் பக்கம் என்றால் மரியாதை. விடிகாலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும்போது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி என்ஜின் பிடிப்பவரின் பெயரைத்தான் முதலில் சொல்வார். இன்னொரு முனைக்காரர் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவார். நான் என் வீட்டுக்காரரின் பெயருக்குப் பின்னால் வந்து வந்து, கூப்பிடுகிறவர் மூச்சு விடுகிற சத்தத்துக்கே ‘இருக்கேன்’ சொல்லப் பழகியிருந்தேன்.

தோள் வலி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. வலியைக் கவனிக்க எங்களுக்கு ஏது நேரம்? கோயோக் பிளாஸ்டரை வாங்கி ஒட்டிக்கொள்வது, அது உரிந்து விழுந்தால் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்வது. அவ்வளவுதான் வைத்தியம். ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போடப் போனேன். வலது கை தலைக்குப் போனது. இடது கை காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேலே தூக்கினால் தோளுக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. கோபத்தில் சீப்பைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே குனிந்து எடுத்தேன், ஒற்றைக் கையால் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

டவுனில் இருக்கிற கிளினிக்கில் டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார், முறுக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, சதைதான் இறுகிக் கிடக்கிறது, அசைத்துப் பழக்கினால் சரியாகலாம் என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். தோட்டத்தில் கிராணி அதைக் கேட்டுவிட்டு முடிவு சொன்னார்.

“மூணு மாசம் காலைல மட்டும் மெஷின் புடிங்க. அப்புறம் கை நல்லா தூக்க முடியுதுன்னு டாக்டர் சொன்னா மலையில இருங்க. இல்லன்னா பேக்கிங் ரூமுக்கு மாத்திடுறேன். அங்க உக்காந்து செய்ற வேலைதான்.”

நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கிங் ரூமில் சன்னல் உயரத்தில் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குள் பொட்டலம் அடுக்க வேண்டும். நான் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கத்திப் பேசிப் பழகியவள். மலையிலிருந்து என்னை இறக்கினால் நான் நானாக இருக்க மாட்டேன் என்று பயந்தேன். அதை வெளியே சொல்லவில்லை. “பேக்கிங்காம் பேக்கிங்” என்று மட்டும் வீட்டில் பாத்திரத்திடம் கோபித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து மண்டபத்தில் பயிற்சி ஆரம்பித்தது. எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகள் ஈப்போவில் பிசியோதெரபி படித்துவிட்டு பிரிஞ்சாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்து தோட்டத்துப் பெண்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருவதாகச் சொன்னாள். நாங்கள் போன முதல் காரணம் அவள் அம்மா சுடும் கறிபாப் பலகாரம். தோள் இரண்டாவது காரணம்தான்.

எக்சர்சைஸ் என்றால் ஆடிக் குதிப்பது என்று நினைத்திருந்தேன். அவள் எங்களைத் தரையில் உட்காரச் சொன்னாள். கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற நாங்கள், தரையிலிருந்து எழுந்திருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, அலறி, சிரித்து, பாதிப் பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

“உங்களுக்கு எல்லாம் பலம் நெறைய இருக்குக்கா. ஆனா அது ஒரே எடத்துல கெடக்கு. உடம்பு பூரா வேலை செஞ்சா ஒரு எடம் மட்டும் அடி வாங்காது” என்றாள் அவள்.

அவளுடைய சாமான்கள் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறவைதான். அரிசிப் பையைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளி மடங்க வேண்டும். சமையல் எண்ணெய் போத்தலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உடம்பு சாயாமல் மண்டபத்தைச் சுற்றி வர வேண்டும், பிறகு கையை மாற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிள் டியூபைச் சன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும். சுவரில் கையை வைத்து, விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். வலி ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட வேண்டும். அதுதான் அவளுடைய சட்டம். வலியோடு சண்டை போடக் கூடாது, அதன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தால், நாளைக்கு அது வாசலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பாள்.

நான் கேட்டேனா? கேட்கவில்லை. எங்கள் வேலை கிலோக் கணக்கு. கூட அறுத்தால் கூடக் காசு. போதும் என்று நிறுத்துகிற பழக்கம் எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. அவள் கொஞ்சம் செய்யச் சொன்னால் நான் பக்கத்து வீட்டுக்காரியைவிடக் கூடச் செய்தேன். வீட்டுக்கு வந்தும் செய்தேன். டியூபை இழுத்து இழுத்து, மறுநாள் காலையில் தோள் வீங்கிப் போய், காது வரைக்கும் வந்த கை கழுத்தோடு நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு அதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, இது கொழுந்து இல்ல லா. இங்க யாரும் நிறுக்கப் போறதில்ல.”

விசாரித்ததில், மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதையேதான் செய்திருந்தார்கள். முட்டி வீங்கியவள் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒருத்தி. எங்களுக்குக் குறைவாகச் செய்யச் சொல்லித் தருவதே பெரிய பாடமாகிவிட்டது அவளுக்கு.

என் வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. நான் சுவரில் விரலை நடத்திக்கொண்டு நின்றால், “பல்லி புடிக்கிறியா?” என்பார். எண்ணெய் போத்தலோடு வாசலில் நடந்தால், “எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னா கடைக்குப் போ, ஏன் வாசலையே சுத்துற?” என்பார். ஆனால் பிற்பகலில் அவர் வீடு திரும்புகிற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மதியத்துக்குமேல் எனக்குப் பதிலாக அவரோடு மெஷின் பிடித்தது ஒரு நேப்பாளத்து இளைஞன். அவன் நடக்க மாட்டான், ஓடுவான். மெஷினும் இவரும் அவன் பின்னால் இழுபட்டுப் போவார்கள். வந்ததும் நாற்காலியில் விழுந்து, “அவனுக்கு மூச்சே வாங்காதா?” என்று கூரையைப் பார்த்துக் கேட்பார்.

பயிற்சி சரியாகச் செய்யத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கை காதைத் தாண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் மேலே போகும், மறுபடியும் இறங்கும். பாதி அவகாசம் போய்விட்டது. ஒரு ஞாயிறு சுவரில் நெற்றியை வைத்து அழுதேவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

அன்றைக்கு மழை. பயிற்சி சொல்லித் தரும் பெண்ணைப் பிரிஞ்சாங் வரைக்கும் எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டோம். அவள் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெரிய ரோட்டில் சேரும் இடம் வந்தது. அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார், நான் அவரைத் தாண்டிப் பார்த்தேன். “வருது, இருங்க” என்றேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அண்ணே, வலது பக்கம் திரும்பிப் பாருங்க.”

அவர் தோளோடு சேர்த்துத் திரும்பப் பார்த்தார். கழுத்து வரவில்லை.

“அக்கா, நீங்க எடது பக்கம்.”

நானும் பார்த்தேன். என் முகவாய் தோளுக்கு எங்கேயோ தள்ளி நின்றது. பின்னால் எவனோ ஹார்ன் அடித்தான்.

“மெஷின்ல நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். சொன்னோம். “எப்பவுமா?” என்றாள். எப்பவும்தான் என்றோம், கொஞ்சம் பெருமையாகவே.

“அதான்! மண்டபத்துல நான் ரெண்டு பக்கமும் சமமா செய்ய வைக்கிறேன். மலைக்குப் போய் வாரம் பூரா ஒரே பக்கம் முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க. நான் அவுக்கிறத நீங்க மறுபடி முறுக்கி வச்சிடுறீங்கக்கா. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கழுத்துதான் இருக்கு. பாதிப் பாதியா வச்சிருக்கீங்க.”

பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். மண்டபத்தில் கையை மாற்றுகிற மாதிரி, அங்கேயும் பாதி வேலைக்குப் பிறகு இடம் மாறுங்கள், அவ்வளவுதான் என்றாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

அவளைப் பிரிஞ்சாங்கில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்.

“என்ஜின் பக்கத்த பொம்பளைக்குக் குடுத்துட்டு நான் வால் பக்கம் நிக்கிறதா? ஊரு சிரிக்கும்.”

“எந்த ஊரு? இந்த மலையில நம்ம ஜனம் நாலு குடும்பம். மிச்சமெல்லாம் வெளிநாட்டு ஆளுங்க, நம்ம பேச்சே புரியாது, சிரிக்கிறதுக்கு அவங்களுக்கு நேரம் எங்க?”

“ஒனக்கு ஆக்ஸிலேட்டர் புடிக்கத் தெரியுமா?”

“இத்தன வருஷம் உங்க எதிர்ல நின்னு என்ன பாத்தேன்னு நெனச்சீங்க? உங்க அழகையா?”

சண்டை இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பெரட்டு முடிந்து மலைக்குப் போனதும் நான் நேராகப் போய் என்ஜின் முனையில் நின்றுகொண்டேன். பனி இறங்கியிருந்தது. பக்கத்து நிரையில் மற்ற ஜோடிகள் மெஷினைக் கிளப்பிவிட்டார்கள். அவர் என்னை முறைத்தார். நான் கைப்பிடியை விடவில்லை.

“பேக்கிங் ரூமுக்கு நான் போறேன். நாள் பூரா அந்தப் பையனோட நீங்க ஓடுங்க. சரியா?” என்றேன்.

அவர் நிரையைச் சுற்றிக்கொண்டு இடது முனைக்குப் போனார். நான் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பில் கிளம்பவில்லை, அடுத்ததில் கிளம்பியது. என்ஜின் பக்கத்துக் கனம் நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் அரிசிப் பைக்குச் சொல்லித் தந்த மாதிரி இடுப்பை மடக்கி, பாதத்தை ஊன்றி, காலின் பலத்தில் தூக்கினேன். தோளுக்கு அதில் பெரிய வேலை இல்லை. இடப்பக்கம் திரும்பி நடந்தது முதலில் அடுத்தவள் உடம்புக்குள் புகுந்துகொண்ட மாதிரி கோணலாக இருந்தது. அவரும் தடுமாறினார். பிளேடு ஒரு பக்கம் சாய்ந்து, எங்கள் நிரை மட்டும் மோசமாக முடி வெட்டிய தலை மாதிரி மேடு பள்ளமாகக் கிடந்தது.

நிரையின் பாதியில் அவர் சத்தம் போட்டு என்ஜினை நிறுத்தச் சொன்னார். வழக்கமான சண்டைக்குத்தான் ஆரம்பிக்கிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தோளு எப்ப இவ்வளவு எறங்குச்சு?”

மெஷினுக்கு எதிரே நின்று இத்தனை வருஷம் அவர் பார்த்தது என் வலப்பக்கம் மட்டும்தான். வீட்டில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வீட்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? இடப்பக்கத்துத் தோள் சாய்ந்து, சட்டை அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் சீவிய தலைமயிர் அந்தப் பக்கம் மட்டும் கலைந்து நின்றது. அவர் அதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

“சொன்னேன். பல்லி புடிக்கிறியான்னு கேட்டீங்க.”

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கே பாவமாக இருந்தது. “சரி, கெளப்பு புள்ள” என்றார். கிளப்பினேன்.

அதன் பிறகு காலைத் தேத்தண்ணி நேரத்துக்கு முன்னால் நான் என்ஜின் பக்கம், அதற்குப் பின்னால் அவர் என்று வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஏறிய கை செவ்வாய்க்கிழமை இறங்கவில்லை. புதன்கிழமையும் இறங்கவில்லை. நிரையும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. மண்டபத்துக்கு அவர் வரவில்லை, ஆனால் ஒரு சாயந்திரம் பின்கட்டுக்குப் போனபோது, எண்ணெய் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சாயாமல் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சமையலுக்கு எடுத்து வந்ததாகச் சொல்லி என்னிடம் நீட்டினார். சமையலே தெரியாத மனுஷன்!

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குக் கிளம்பிய காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வேனை ஓட்டினார். பெரிய ரோட்டுக்கு வந்து நின்றோம். வழக்கம்போல நான் வலப்பக்கம் பார்த்தேன். எதிரே அவருடைய முகம் இல்லை. அவருடைய பின்னந்தலை இருந்தது. அவர் தானே வலப்பக்கம் திரும்பியிருந்தார், முழுசாக இல்லை, ஆனால் வளைவு தெரிகிற அளவுக்கு.

“லோரி வருது” என்றார்.

நான் மெதுவாக என் கழுத்தை இடப்பக்கம் திருப்பினேன். பிரிஞ்சாங் ரோடு காலியாகக் கிடந்தது. “இந்தப் பக்கம் இல்ல” என்றேன். இரண்டு பேரும் எதிரெதிர் சன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சிரித்தோம்.

டாக்டரம்மா மலாயில் “அங்காட் தாங்ஙான்” என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார். நான் தூக்கினேன். கை காதைத் தாண்டிப் போய், தலைக்கு மேலே நின்றது. வலிக்கவில்லை. நான் இறக்க மறந்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே போதும் என்று சொன்ன பிறகுதான் இறக்கினேன். பயிற்சியை விடக் கூடாது, மலைக்குப் போகலாம் என்றார்.

மறுநாள் விடிகாலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட்டேன். கொஞ்சம் கோணல்தான். கலைக்க மனசு வராமல் அப்படியே பெரட்டுக்குப் போனேன்.

கிராணியிடம் விஷயத்தை முதல் நாளே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வரும்போது நான் ஒவ்வொரு பெயரையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பேக்கிங் ரூம் ஆட்களை முதலில் கூப்பிட்டார். என் பெயர் இல்லை. பிறகு மெஷின் ஜோடிகள். எங்கள் முறை வந்ததும் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார். பழக்கத்தில் நான் ‘இருக்கேன்’ சொல்ல வாயைத் திறந்தேன்.

“கிராணியாரே, கொஞ்சம் இருங்க” என்றார் என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் கேட்கிற குரலில். “காலைல அவதான் என்ஜின் பக்கம். அவ பேர மொதல்ல கூப்பிடுங்க.”

பெரட்டுக் களத்தில் நாலு குடும்பமும் திரும்பிப் பார்த்தது. பாஷை தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் பெயரைச் சொன்னார். தனியாக, முன்னால் யார் பெயரும் இல்லாமல். நான் ‘இருக்கேன்’ என்று சொல்வதற்குப் பதில் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.